எட்டுப் பேர், நாலு தூண்டில், ஒரு சின்ன ஆறு

நீங்கள் கேட்டிருப்பது இது: கோவையிலிருந்து எட்டு நண்பர்கள், மே கடைசி வாரத்தில் இமாச்சலப் பிரதேசத்துக்குப் போய் மலை ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் செய்ய வேண்டும், அதாவது இரைக்குப் பதில் பொய்ப்பூச்சியை வீசிப் பிடிக்க வேண்டும். எட்டுப் பேரில் இருவர் ராமேஸ்வரம் பக்கம் கடலில் ராடு போட்டுப் பழகியவர்கள். மற்ற ஆறு பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. எந்த ஆறு, என்ன ராடு வாங்குவது, பிடித்ததைக் கரையிலேயே பொரித்துச் சாப்பிடலாமா என்று மூன்று கேள்வி வைத்திருக்கிறீர்கள், காஷ்மீர் போகலாமா என்று ஒரு வரியும். ஆனால் உங்கள் மனதில் இருப்பது, இவ்வளவு தூரம் கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஒரு மீனாவது மாட்டுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதைத் தீர்மானிப்பது நீங்கள் போகும் தேதியும் உங்கள் தலைக்கணக்கும். ராடு எல்லாம் அப்புறம்.

நான் மீன்வளம் படித்தவன். வயிற்றுப்பாடு இறால் பண்ணைகளோடு, பொழுதுபோக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீரில். பதினைந்து வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை இமாச்சலின் தீர்த்தன் ஆற்றுக்குப் போய்வருகிறேன். அதில் ஐந்து தடவை நண்பர் கூட்டத்தை அழைத்துப் போயிருக்கிறேன், இரண்டு தடவை முழுச் சொதப்பல். காஷ்மீரில் இரண்டே முறைதான் தூண்டில் போட்டிருக்கிறேன். ஆகவே தீர்த்தனைப் பற்றி உறுதியாகவும் மற்றதைப் பற்றி அடக்கமாகவும் சொல்கிறேன்.

புதுக் கூட்டத்துக்கு நான் சொல்லும் ஆறு தீர்த்தன்தான். குலு மாவட்டத்தில், கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, குஷைனி, நாகினி, பஞ்சார் வழியாக இறங்கி, லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு சேர்கிறது. குஷைனி சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், நம் ஊட்டியைவிடக் குறைவு. அதனால் மூச்சுத் திணறல், தலைவலி பயம் கிடையாது. டெல்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ மணாலி போகும் ராத்திரி பஸ்ஸில் ஏறி, விடிகாலையில் அவுட் என்ற இடத்தில், சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்கிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் விட்டுவிட்டால் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் முழிப்பீர்கள். அவுட்டிலிருந்து டாக்ஸியில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஆற்றங்கரையிலேயே சின்னச் சின்ன விடுதிகள் உண்டு. குஷைனியில் ஃபலாச்சன் என்ற கிளையாறும் வந்து சேர்கிறது. கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒன்று கலங்கினால் இன்னொன்றைப் பார்க்கலாம், ஆட்களையும் பிரித்து விடலாம்.

இப்போது தேதி. மே கடைசி வாரம் வேண்டாம் என்பேன். இமாச்சலில் ட்ரவுட் பிடிக்க நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை தடை. பிரவுன் ட்ரவுட் முட்டையிடும் காலம் அது. அப்படியானால் மார்ச் முதல் அக்டோபர் வரை எட்டு மாதம் இருக்கிறதே, மே மாதம் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். மார்ச், ஏப்ரல் தொடக்கத்தில் ஆறு மெலிந்து, கண்ணாடி மாதிரி ஓடும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மே நடுவுக்கு மேல் தண்ணீர் ஏறி, சாம்பல் பூத்த பச்சையாக, சில நாள் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வரும். ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை எடுக்கும் மீன். கலங்கிய, வேகமான தண்ணீரில் அதற்கு உங்கள் பூச்சி தெரியாது, உங்களுக்கு அது நிற்கும் இடம் தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். செப்டம்பர் பின்பாதியிலிருந்து ஆறு மறுபடி தெளிந்து, அக்டோபர் முழுக்க நன்றாக இருக்கும்.

எந்தத் தேதியில் கலங்கும் என்று உள்ளூர்க்காரர்களாலும் சொல்ல முடியாது. முந்தைய குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது, மே மாதம் மழை வந்ததா என்பதைப் பொறுத்தது. ஒரு வருடம் மே 25-ல் கூட அருமையான தண்ணீர் பார்த்திருக்கிறேன். இன்னொரு வருடம் ஏப்ரல் 20-லேயே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. ஆகவே மே கடைசி வாரம் சீட்டாட்டம். ஒருவர் தனியாகப் போனால் அந்த ஆட்டம் ஆடலாம். எட்டுப் பேர் விமான டிக்கெட் போட்டு ஆடக் கூடாது.

உங்கள் கூட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் அப்பாக்கள் இருப்பதால்தான் மே என்று ஊகிக்கிறேன். காலாண்டு விடுமுறையைப் பாருங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் ஆற்றுக்கு மிகச் சரியான நேரம். ஒரே ஒரு எச்சரிக்கை: விஜயதசமி அன்று தொடங்கி ஒரு வாரம் குலு தசரா நடக்கும். சுற்றுவட்டாரத்துக் கிராம தெய்வங்கள் எல்லாம் பல்லக்கில் குலுவுக்கு வந்து இறங்கும். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் பஸ்ஸும் டாக்ஸியும் கிடைக்காது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அல்லது அந்த வாரத்தைத் தவிருங்கள். மே மாதத்தை மாற்றவே முடியாது என்றால், விடிந்ததும் ஆற்றில் இறங்கிவிடுங்கள். பகல் வெயிலில் உருகும் பனித்தண்ணீர் கீழே வந்து சேரப் பிற்பகல் ஆகும், காலை ஒன்பது, பத்து மணி வரை ஆறு கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அடுத்தது தலைக்கணக்கு. என் முதல் சொதப்பலைச் சொன்னால் புரியும். ஒரு மார்ச் மாதம், ஏழு பேரை அழைத்துப் போனேன். நாகினிக்கு மேலே அழகான ஒரு கசம் (ஆற்றில் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் இடம்), நம் ஊர்க் கிணறு அகலம்தான் இருக்கும். ஏழு பேரும் ஆர்வத்தில் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் செல்ஃபி எடுத்தார், ஒருவர் கல்லைப் புரட்டினார். அரை மணி நேரத்தில் ஒருவர் தூண்டில் நரம்பில் இன்னொருவர் நரம்பு சிக்கி, ஒரு பொய்ப்பூச்சி வேலமரம் மாதிரி ஏதோ ஒரு முள்மரத்தில் தொங்கியது. மீன் ஒன்றும் இல்லை. கரையில் பீடி குடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் ராடை வாங்கினார். கசத்தின் பக்கமே போகவில்லை. இருபது அடி கீழே, கெண்டைக்கால் ஆழத்தில், ஒரு பானை அளவு கல்லுக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் தயங்கி நிற்கும் இடத்தைக் கை காட்டினார். குனிந்தபடியே, கீழிருந்து மேலாக வந்து, ஒரே ஒரு வீச்சு. பூச்சி கல்லைத் தாண்டி ஒரு முழம்கூட மிதக்கவில்லை, தண்ணீர் மினுங்கியது. வெண்ணெய் நிறத்து வயிறு, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, நடுவில் வெளிறிய வளையம் போட்ட சிவப்புப் புள்ளிகள். ஒரு சாண் நீளப் பிரவுன் ட்ரவுட். நாங்கள் ஏழு பேர் அந்த இடத்தை மிதித்துக்கொண்டுதான் கசத்துக்கு ஏறியிருந்தோம்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். மேலிருந்து மிதந்து வரும் இரையைப் பிடிக்க வேண்டும், ஆனால் ஓட்டத்தோடு மல்லுக்கட்டி உடம்பு வலுவை வீணாக்கக் கூடாது. அதனால் வேகமான ஓட்டத்துக்கும் அமைதியான தண்ணீருக்கும் நடுவில் உள்ள விளிம்பு, கல்லின் முதுகு, கசத்தின் வால்பகுதி, இவைதான் அதன் வீடு. முகம் மேலே பார்த்து இருப்பதால் நாம் கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். ஒரு ஆள் சலசலத்து நடந்தாலே அந்த இடம் அரை மணி நேரத்துக்கு அவ்வளவுதான். எட்டுப் பேர் நடந்தால் அன்றைய நாளே அவ்வளவுதான்.

ஆகவே எட்டுப் பேருக்கு நாலு ராடு போதும். இரண்டு இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் வீசும்போது மற்றவர் பத்தடி பின்னால் நின்று பார்க்கட்டும். ஒரு மீனோ, இருபது நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதோடு ராடு கை மாறட்டும். சிக்கனத்துக்காக இதைச் சொல்லவில்லை. பார்க்கிறவர்தான் மீனைக் கண்டுபிடிக்கிறார், வீசுகிறவர் தன் நரம்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் குறைந்தது இருநூறு மீட்டர் விடுங்கள், இரண்டு ஜோடி தீர்த்தனில், இரண்டு ஜோடி ஃபலாச்சனில். இரண்டு ஜோடிக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும், முதல் நாளாவது ஜோடிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. கடலில் பழகிய உங்கள் இருவரையும் ஒரே ஜோடியாகப் போட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு புதியவரைச் சேர்த்துவிடுங்கள், ஆனால் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் தராதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கடலில் எறியும்போது ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளில் இருப்பது இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி, எடையே கிடையாது. அதனால் கயிற்றுக்குத்தான் கனம் வைத்திருக்கிறார்கள், கயிறு பூச்சியைச் சுமந்து போகிறது. கடல்காரர்கள் தோள்பலத்தில் விளாசுவார்கள், கயிறு காலடியில் குவியும். பின்னால் வீசி, கயிறு முழுக்க நீளும் வரை ஒரு கணம் நிறுத்தி, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணம் பொறுப்பதுதான் வித்தை. தூண்டிலே தொடாதவர்கள் இதை அரை நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். கடல்காரர்களுக்கு இரண்டு நாள் ஆகிறது.

இதை ஆற்றுக்குப் போய்க் கற்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, கோவையில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் கூடுங்கள். முள்ளை வெட்டி எறிந்துவிட்டு நுனியில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூல் கட்டிக்கொள்ளுங்கள். வீசும் கையின் அக்குளில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வீசுங்கள். புத்தகம் விழுந்தால் தோளை அதிகம் ஆட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முப்பது அடி தூரத்தில் ஒரு துண்டை விரித்து, பத்துக்கு ஐந்து தடவை அதன்மேல் விழச் செய்தால் தீர்த்தனுக்கு அது தாராளம். ஐம்பது, அறுபது அடி வீசுவதெல்லாம் வீடியோவுக்கு.

சாமான் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஒன்பது அடி, ஐந்தாம் எண் ராடு, நாலு துண்டாகக் கழற்றக் கூடியது. அதே எண்ணில் மிதக்கும் கயிறு, அதன் முனையில் கட்ட ஒன்பது அடி லீடர் (நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும் நரம்பு), நுனிக்கு நாலு எக்ஸ் அல்லது ஐந்து எக்ஸ் தடிமனில் தங்கூசி. ரீல் எதுவானாலும் சரி, இந்த அளவு மீனுக்கு அது கயிறு சுற்றி வைக்கும் உருளை, அவ்வளவுதான். பூச்சிகளில் மேலே மிதப்பதற்கு ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ். மூழ்குவதற்கு ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர். பதினாலு, பதினாறாம் எண் அளவில் போதும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கறுப்பு உல்லி பக்கர் என்ற பெரிய பூச்சி ஒன்றிரண்டு. புதியவர்களுக்கு மூழ்கும் பூச்சிக்கு மேலே ஒரு சின்னத் தக்கை கட்டிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்க் குளத்தில் தக்கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அமுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பல விடுதிகளில் ராடு வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் நாலு நல்ல ராடு இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முள், குறடு எல்லாவற்றையும் விமானத்தில் செக்-இன் பெட்டியில் போடுங்கள். ராடுகள் ஆற்றில் உடைவதைவிடக் கார் கதவில் உடைவதுதான் அதிகம், என்னுடையதே இரண்டு போயிருக்கிறது.

எல்லாருக்கும் போலராய்டு கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். தண்ணீருக்குள் மீன் தெரிவதற்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரின் முள் கண்ணில் படாமல் இருப்பதற்கும். கிளம்பும் முன்பே எல்லா முட்களின் எதிர்முள்ளையும் (நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்) குறடால் நசுக்கிவிடுங்கள். என் கூட்டத்தில் ஒருவர் தன் காதுமடலிலேயே மாட்டிக்கொண்டார். நசுக்கியிருந்ததால் வந்த வழியே உருவினோம், டீ ஆறுவதற்குள் மறுபடி ஆற்றில் நின்றார்.

தண்ணீரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள், மண்டி மாவட்டம் தலோட் அருகே பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது. 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். நீங்கள் அவுட்டில் இறங்கும் பாதை அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது. ஆகவே விதி ஒன்று: பியாஸில், முக்கியமாக அணைக்குக் கீழே, முகம் கழுவக்கூட இறங்க வேண்டாம். தீர்த்தனில் நீங்கள் நிற்கப்போகும் பகுதிக்கு மேலே அணை கிடையாது, ஆனால் மேலே மலையில் கொட்டும் மழை கீழே தெரியாது. 2023 ஜூலையில் குலு, மண்டி மாவட்டங்களில் பியாஸும் கிளையாறுகளும் சாலையையும் வீடுகளையும் பெயர்த்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தோம். தெளிவாக ஓடிய தண்ணீரில் திடீரென்று இலை தழையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, நிறம் மாறினாலோ, மீன் மாட்டியிருந்தாலும் கரையேறிவிடுங்கள். முட்டிக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள உருண்டைக் கற்களில் எண்ணெய் தடவியது போலப் பாசி இருக்கும். சாதா செருப்பு, ஷூ உதவாது, ஃபெல்ட் அடிபோட்ட காலணி வேண்டும். நீச்சல் தெரியும் என்பது அந்த வேகத்திலும் குளிரிலும் பெரிய உதவி இல்லை. மது பாட்டில் விடுதிக்குள்ளேயே இருக்கட்டும்.

உரிமம் மீன்வளத் துறை தருவது, ஆளுக்கும் நாளுக்கும் கணக்கு. கட்டணம், எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், குறைந்தபட்ச நீளம் போன்றவை அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே இணையத்தில் கிடக்கும் பழைய தொகையை நம்பாமல் விடுதிக்காரரிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். கரையில் நிற்பவர் ராடைக் கையில் வாங்கப்போகிறார் என்றால் அவருக்கும் உரிமம் எடுத்துவிடுங்கள், எட்டுப் பேருக்கும் எடுப்பதே நிம்மதி. தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டிலோடு போகாதீர்கள். ஆறு பூங்காவுக்கு வெளியேயும் உங்களுக்குப் போதுமான அளவு ஓடுகிறது.

பயணம் போக வர இரண்டிரண்டு நாள் போனால், ஆற்றில் நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாலையும் மீனுக்கே கொடுத்தால் மூன்றாம் நாள் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு நாள் ஜலோரி கணவாய்க்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே ஐந்து கிலோமீட்டர் நடந்து செரோல்சர் ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். நடக்கப் பிடிக்காதவர்களுக்குப் பஞ்சார் பக்கத்தில் சைனி கோட்டி என்று கல்லும் மரமும் அடுக்கிக் கட்டிய உயரமான பழைய கோபுரம் இருக்கிறது. ஆளுக்கு எத்தனை மீன் கிடைக்கும்? நல்ல தண்ணீரில், வழிகாட்டியோடு, மூன்று நாளில் ஒரு புதியவருக்கு இரண்டு மூன்று மாட்டலாம். எட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ ஒன்றுமே மாட்டாமலும் போகலாம். பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் மீன்கள்தான். இது என் அனுபவக் கணக்கு, உத்தரவாதம் இல்லை.

காஷ்மீர் போகலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 1900 வாக்கில் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்த முட்டைகளால் இந்தியாவில் பிரவுன் ட்ரவுட் வேரூன்றியது அங்கேதான், குலுவுக்கும் அங்கிருந்துதான் வந்தது. லிடர், சிந்த் நாலா (பெரிய சிந்து நதி அல்ல), கோக்கர்நாக் பக்கத்து ஓடைகள் எல்லாம் பெயர் பெற்றவை. ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு இத்தனை ராடு என்று அனுமதி தருகிறார்கள். தனி ஆளுக்கு அது சொர்க்கம், எட்டுப் பேருக்கு ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துப் பகுதி கிடைப்பது கஷ்டம். நம் நீலகிரியிலும் ட்ரவுட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1860-களில் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்று தோற்று, 1907-க்குப் பிறகு மெட்ராஸ் அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் வைத்து ரெயின்போ ட்ரவுட்டை நிலைநிறுத்தினார். ஆனால் அந்தப் பழைய நீர்நிலைகளில் பல இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள். கோவையிலிருந்து பக்கம்தானே என்று ராடை எடுத்துக்கொண்டு அங்கே போய் வழக்கில் மாட்டாதீர்கள்.

கடைசியாகப் பொரிக்கும் கேள்வி. பிடித்ததை விட்டுவிடுங்கள் என்பேன். குளிர்ந்த தண்ணீரில் இந்த மீன் மெதுவாக வளர்கிறது. எட்டுப் பேர் நாளுக்கு இரண்டு வீதம் எடுத்தால் அந்த இருநூறு மீட்டர் துண்டு அந்த வருடத்துக்குக் காலி. விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கையை நனையுங்கள், உலர்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பிடிக்கும். செவுளில் விரல் விடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்து, தலையை ஓட்டத்தின் பக்கம் திருப்பி, தானாக உதறிக்கொண்டு போகும் வரை தாங்கலாகப் பிடியுங்கள். படம் வேண்டுமானால் ஒருவர் கேமராவைத் தயாராக வைத்தபின் மீனைத் தூக்குங்கள், மூச்சை நீங்கள் அடக்க முடிகிற நேரம்தான் கணக்கு. சாப்பிட ட்ரவுட் வேண்டுமே என்றால் பள்ளத்தாக்கு முழுக்க ட்ரவுட் பண்ணைகள் இருக்கின்றன. முதல் நாள் சொல்லி வைத்தால் விடுதியிலேயே பொரித்துத் தருவார்கள். கடுகெண்ணெயில்தான் பொரிப்பார்கள், அந்த வாசனை எட்டில் நாலு பேருக்காவது ஆகாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெயும் ஒரு பொட்டலம் மீன் மசாலாவும் கோவையிலிருந்தே எடுத்துப் போங்கள், சமையல்காரரிடம் கெஞ்சிக் கேட்டால் அடுப்பை உங்களிடமே விட்டுவிடுவார்.